விழாதார்

விழாதார் என்றோர் இனம் உண்டு. அறுபத்தைந்தைக் கடந்த பெண்மக்களிடையே அது பெருவாரியாகக் காணப்படும். இவ்வினத்தார் விழுவதே இல்லை. தரைதான் அவ்வப்போது மேலெழுந்து வந்துவிடும். மூக்குக்கண்ணாடி கைப்பையில் துயில, தேய்ந்த செருப்பு சரசரக்க, தூக்க மாத்திரையின் மயக்கம் தெளியாத தலையோடு, தொலைபேசி ஒலித்த கணமே ஓரம் சுருண்ட கால்மிதியின்மேல் பாய்ந்தோடுவார்கள். பிறகு? "விழுந்தீர்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற நூலகர் அம்மையாரைப் பாருங்கள். வயது எழுபத்தாறு, இரண்டாம் மாடியில் தனிவாசம். "இன்னொரு தடவை விழுந்தா, என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்பது மகளின் கண்டிப்பான ஆணை. மகள் வீட்டிலோ எட்டரைக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள். படிப்பது எப்போது? ஆகவே அம்மையார் விழக்கூடாது.

அன்று காலை மகள் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, அம்மையார் புத்தக அலமாரியின் முன்னே, தரையில், கால் நீட்டிக் கொலுவீற்றிருந்தார். அருகே முக்காலி மல்லாந்து கிடந்தது.

"அம்மா! விழுந்துட்டியா?"

"யாருடி விழுந்தா? அலமாரிக்கு அடியில தூசி இருக்கான்னு பாக்குறேன்."

"கண்ணாடி இல்லாமயா?"

"தூசி பெருசு."

"அப்ப முக்காலி?"

"அதுதான் விழுந்துச்சு. பாவம், பழசு."

மகள் சும்மா விடுவாளா? "சரி, எழுந்து வந்து ஒரு டீ போடேன்."

எழுவதா! முழங்கால்கள் எப்போதோ கைவிரித்துவிட்டன. எழுந்தால் மறுபடி விழுவோமோ என்ற அச்சம் வேறு இடுப்பைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"நீயே போட்டுக் கொண்டா. தரை குளுகுளுன்னு இருக்கு, நீயும் உக்காரு."

இருவரும் தரையிலேயே டீ குடித்தார்கள். அதற்குமேல் மகளுக்குப் பொறுக்கவில்லை. "நடிச்சது போதும்மா. வா, தூக்கிவிடுறேன்" என்று எழ முயன்றாள். அவளுக்கும் ஐம்பத்துமூன்று ஆகிறது. கையை ஊன்றினாள், முழங்கால் மளுக்கென்றது, நிமிர்த்தி வைத்திருந்த முக்காலியைப் பற்றினாள், பாவம், பழசு. முக்காலியும் அவளும் ஒருங்கே சாய்ந்தார்கள்.

"விழுந்துட்டியா?"

"இல்லம்மா... கால் மரத்துப்போச்சு. அவ்ளோதான்."

அம்மையாரின் முகம் மலர்ந்தது. மகளின் தலையை வாஞ்சையோடு வருடிச் சொன்னார்: "இந்தக் காலை வச்சுக்கிட்டு நீ அங்க இருக்க வேண்டாம்டி. பேசாம என் வீட்டுக்கு வந்துடு. பதினோரு மணி வரைக்கும் லைட்டு எரியும்."

நகைக்கிறீர்களா? நன்றாக நகையுங்கள். ஆனால் நாற்காலியைவிட்டு எழும்போதெல்லாம் அதன் கைப்பிடியை இறுகப் பற்றுகிறீர்களே, அது மரத்தின் உறுதியைச் சோதிப்பதற்குத்தானே?