பத்து வீட்டு மாவும் பின்நவீனத்துவமும்

பத்து வீட்டிலும் ஒரே பதில்: "நல்லாத்தானுங்க இருக்குது."

சண்முகப்பிரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பீளமேட்டுக் கிரைண்டர் கம்பெனியின் டிசைன் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். அவள் உருவாக்கிய புது மாடலைக் கிணத்துக்கடவில் ஒரு வீதி முழுக்க இனாமாகக் கொடுத்து, ஓட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். குறை இருந்தால் இப்போதே தெரிய வேண்டும். கடைக்குப் போன பிறகு தெரிந்தால் அவள் வேலை அம்போதான்.

நேரில் போனாள். நிலைமை இன்னும் மோசமானது.

"இப்படியொரு மாவைப் பார்த்ததே இல்லீங்க அம்மணி" என்றார் முதல் வீட்டுச் சாமியாத்தாள், எட்டாவது இட்லியை அவள் தட்டில் வைத்தபடி.

வீட்டுக்கு வந்து புலம்பினாள். கணவன் மனோஜ்குமார் கல்லூரியில் தமிழ் வாத்தியார். தொண்ணூறுகளில் சிற்றிதழ் வாங்கிய எல்லோருக்கும் வந்த காய்ச்சல் அவனுக்கும் வந்திருந்தது. பின்நவீனத்துவம்!

"நீ கிரைண்டரை மட்டும் சோதிக்கறதா நினைக்கறே கண்ணு. கேக்கறவளும் சோதனைக்குள்ளதான் இருக்கா. கம்பெனிக்காரி மூஞ்சியப் பார்த்துத்தான் பதில் வருது."

"ஏனுங்க, தண்ணி நூறு டிகிரில கொதிக்கறதும் என் மூஞ்சியப் பார்த்துத்தானுங்களா?"

"தண்ணிக்கு விருந்தாளி கிடையாது. மனுசனுக்கு உண்டு."



ஞாயிற்றுக்கிழமை அவனே கிணத்துக்கடவுக்குக் கிளம்பினான். "நான் கம்பெனி ஆளில்லீங்க. குறை சொன்னாத்தான் எனக்குச் சந்தோசம்" என்று கேட்டிருக்கிறான். கொட்டித் தீர்த்துவிட்டார்கள். சத்தம் காதைப் பிளக்குது, மாவு சூடாகுது, மூடி நிக்கறதில்லை.

அடேங்கப்பா! வெறும் பினாத்தல் என்று இத்தனை நாள் நினைத்தோமே, இன்ஜினீயரிங் காலேஜில் ஒருத்தரும் சொல்லித் தராததை இந்த மனுஷன் சொல்லிவிட்டானே என்று பூரித்துப் போனாள். அன்றைக்கு அவனுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு.

மறுநாள் உற்பத்தியை நிறுத்தச் சொன்னாள். முதலாளி பொங்கியண்ணன் குதித்தார்.

"ஒரே வாரந்தான் அம்மணி. சரி பண்ணுங்க, இல்லாட்டி மாடலையே தூக்கிப்போட்டுருவேன்!"

கம்பெனியில் இருந்த கிரைண்டரைக் கழற்றினாள், மாட்டினாள், மூட்டை மூட்டையாக அரிசியை ஊறப்போட்டு ஆட்டினாள். சத்தமே இல்லை. மாவு சூடாகவில்லை. மூடி அசையவில்லை. எதைத்தான் சரி பண்ணுவது?

கெடு முடியும் நாளில் புருஷனையும் இழுத்துக்கொண்டு கிணத்துக்கடவுக்கு ஓடினாள்.

"உங்களைக் கும்பிடறேனுங்க, எப்படிச் சூடாகுதுன்னு ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க. இல்லாட்டி என் வேலையே போயிருமுங்க." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

சாமியாத்தாள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அழுகாதீங்க கண்ணு! ஊடு தேடி வந்தவங்க மனசு கோணக்கூடாதுன்னு உங்களுக்கு நல்லதும், ஊட்டுக்காரருக்குக் குறையுமாச் சொன்னோமுங்க. கிரைண்டரு புள்ளைக சீருக்கு ஆகும்னு, பத்து ஊட்லயும் இன்னும் பொட்டியே பிரிக்கலீங்க!"