மாமனார் கல்யாணமும் ஹேண்ட் பிரேக்கும்

நன்னிலம் பக்கம் காருக்கு ஹேண்ட் பிரேக் என்பது சட்டைப்பையில் செருகிய பேனா மாதிரி. இருந்தால் ஒரு கெத்து, இல்லாவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. எங்களூரில் மேடு ஏது, பள்ளம் ஏது? வண்டியை விட்ட இடத்தில் அது பாட்டுக்கு நிற்கும். ரொம்ப சந்தேகப்பிராணி என்றால் பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைப்பார். இப்படிப்பட்ட நிம்மதியான மண்ணில் ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்யக் கிளம்பிய ஒரே ஆள் நான்தான்.

அப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியிருந்தேன். "நாலு வீலும் டிஸ்க் பிரேக்!" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லித் திரிந்தேன். ஹேண்ட் பிரேக் மட்டும் தொளதொள. லீவரை மோவாய் வரை இழுத்தாலும் பிடிக்காது. மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்திருந்தோம். முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் தட்டுவரிசை அடுக்கிக்கொண்டிருக்க, நான் ஸ்பேனரோடு காருக்குள் தலைகுப்புறக் கவிழ்ந்தேன். கால்கள் மட்டும் வெளியே.

"செங்கல் போதுங்க மாப்ள" என்றார் மாமியார்.

"நாலு வீல் டிஸ்க் வண்டிக்குச் செங்கலா அத்தை?" (திமிரைப் பாருங்கள்!)

டிஸ்க் இருந்தால் பிரேக் ஷூ இருக்காது என்பது என் ஆராய்ச்சி முடிவு. உண்மையில் அந்த வண்டியின் பின் டிஸ்க்குக்கு நடுவில் ஒரு குட்டி டிரம் உண்டு. அதற்குள் உரசி நிறுத்துகிற ஷூவும் உண்டு. ஹேண்ட் பிரேக் பிடிப்பது அதைத்தான். முதலில் ஷூவைச் சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் கேபிளைத் தொட வேண்டும். நான் நேரே லீவரடியில் இருந்த கேபிள் நட்டைத் திருகினேன். பிடித்தது. சந்தோஷத்தில் இன்னும் திருகினேன். சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறதா என்று தூக்கிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அத்தைக்கு இந்த அறுபதாம் கல்யாணம் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். மாமா கறுப்புச் சட்டைக்காரர். அவர்கள் கல்யாணம் குத்தகைப் போராட்டம் சூடாக இருந்த காலத்தில் பொதுக்கூட்ட மேடையில் நடந்தது. மாலை மட்டும்தான், தாலி கிடையாது. "தலைமை தாங்குனவரு ஒரு மணி நேரம் பேசுனாரு மாப்ள. பூராவும் குத்தகையப் பத்தி!" என்பார் அத்தை. அத்தனை வருஷம் கெஞ்சி, திருக்கடையூரில் ஒரு தாலி கட்ட மாமாவைச் சம்மதிக்க வைத்திருந்தார். மாமா ஒரு நிபந்தனை போட்டார்: "பத்தரைக்குள்ள முகூர்த்தம்னு சொல்றீங்க. தாண்டுச்சுன்னா நான் வீட்டுக்கு வந்துடுவேன்."

காலையில் சொந்தக்காரர்கள் வேனில் முன்னே போய்விட, மாமா, அத்தை, என் மனைவி கயல்விழி மூவரும் என் காரில்.

"வண்டி முக்குதே" என்றாள் கயல்.

"ஏசி போட்டிருக்கேன்ல."

"ஏதோ கருகுதே."

"யாரோ வைக்கோல் கொளுத்துறாங்க."

பேரளம் தாண்டிக் கிளைச்சாலையில் திரும்பினால், ரோடு முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டி ஏறி மிதித்தால் நெற்று உடைந்து உளுந்து உதிரும். கூலி இல்லாத வேலை. பெண்கள் "ஏறி வாங்க, ஏறி வாங்க" என்று உற்சாகமாகக் கையாட்டினார்கள். நட்டநடுவில் போனதும் கார் நின்றுவிட்டது. பின்சக்கரம் இரண்டிலிருந்தும் குபுகுபுவென்று புகை.

"ஐயோ, உளுந்த அடிக்கச் சொன்னா வறுத்துப்புட்டீங்களே!" என்று அலறிய ஓர் அம்மா, வாய்க்கால் தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து கொட்டினார். 'சொய்ங்' என்றது என் நாலு வீல் டிஸ்க்.

கேபிள் நட்டைத் தளர்த்திவிட்டு, கையெல்லாம் கிரீஸாகச் சக்கரத்தைக் குடைந்தேன். அசையவில்லை. வேனுக்குப் போன் செய்தோம். திரும்பி வருவதற்குள் பத்தரை தாண்டிவிடும் என்றார்கள். மாமாவின் முகம் மலர்ந்தது.

"நாம என்ன செய்ய முடியும்? நேரம் போயிடுச்சு. வீட்டுல இட்லி இருக்கு."

 அத்தை கூரைப்புடவையோடு உளுந்துச் செடி மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அந்தக் காருக்கடியிலேயே என்னைப் புதைத்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அவ்வளவு வெட்கம், அவ்வளவு வருத்தம்.

மாமா கொஞ்ச நேரம் அத்தையையே பார்த்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்தார்.

"கயலு, அந்தத் தாலிய எடு."

"இங்கேயாப்பா? ஐயர் இல்லையே?"

"ஐயர் எதுக்கு? தலைமைதான் வேணும். மாப்ள, வாங்க. ரெண்டு வார்த்தை பேசுங்க."

பதற்றத்தில் தாலியை நான் வாங்கி நீட்ட, மஞ்சள் கயிற்றில் என் கட்டைவிரல் கிரீஸ் பளிச்சென்று பதிந்தது. அத்தை "அடடா" என்றார்.

"இருக்கட்டும்" என்றார் மாமா. "மஞ்சளோட கொஞ்சம் கறுப்பும் இருந்தாத்தான் எனக்குக் கட்ட மனசு வரும்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மண்டையில் இருந்தது ஒரே விஷயம்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப லூசா விட்டா ஓடிடும். ரொம்ப இறுக்குனா எரிஞ்சிடும். அளவாப் பிடிக்கணும்."

(சத்தியமாக ஹேண்ட் பிரேக்கைப் பற்றித்தான் சொன்னேன்.)

"குடும்பம்னா அதானே! என்னமா சொல்லுது புள்ள!" என்று கைதட்டினார்கள் பெண்கள். மாமா தாலி கட்டினார். நடவு வயலில் போடுகிற குலவையை நடுரோட்டில் போட்டார்கள். அட்சதைக்குப் பதில் உளுந்து பறந்தது. தலையெல்லாம் உளுந்தோடு அத்தை அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். குடம் கொண்டுவந்த அம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார்.

பிற்பாடு வேனில் திருக்கடையூர் போய்ச் சேர்ந்தோம். ஐயர், மதியத்துக்குள் இன்னொரு நல்ல நேரம் இருக்கிறது, கட்டிவிடலாம் என்றார். மாமாவே தலையாட்டிவிட்டார். அத்தைதான் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க சாமி. கட்டியாச்சு. சாமியக் கும்பிட்டுட்டுச் சாப்பிடப் போறோம்."

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் என்னை மேடையேற்றி, "மாப்ள, அந்தப் பிரேக் விஷயத்தைச் சொல்லுங்க" என்று மைக்கைக் கையில் திணிக்கிறார்கள். போன மாதம் கயலின் சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாமாவே நின்று அச்சடித்தாராம். 'தலைமை' என்று போட்ட இடத்தில், கொட்டை எழுத்தில், 'ஹேண்ட் பிரேக் மாப்பிள்ளை'.