டேப் பாய் வைத்த ஆரஞ்சு விளக்கு

திருவண்ணாமலையில் எரியும் விளக்குகள் இரண்டு வகை. கோயிலில் எரிபவை சாமிக்குக் கட்டுப்பட்டவை. வண்டிகளில் எரிபவை டேப் பாய்க்குக் கட்டுப்பட்டவை.

திண்டிவனம் ரோட்டில் கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அவருடைய உண்மைப் பெயரை யாரும் கேட்டதில்லை. இடது மணிக்கட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வளையல் மாதிரி மாட்டியிருப்பார். அதனால் டேப் பாய். இன்னொருவர் போட்ட ஒயர் ஜாயின்ட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது; வண்டிக்காரரோடு சண்டைக்கு நிற்பார். ஹாரன் அடிக்கவில்லை என்று போனால், முதல் நாள் வண்டியிலுள்ள பழைய டேப்பையெல்லாம் உரித்துப் போடுவார். ஹாரன் மறுநாள்தான்.

ஒரு டாக்ஸிக்காரர் காருக்கு அடியில் கலர் லைட் ஓடவிடச் சொன்னார்.

"ரிவர்ஸ் லைட் எரியுதா?" என்று கேட்டார் பாய்.

"அது எதுக்கு பாய், நான் முன்னாடிதானே போறேன்."

மாலையில் ரிவர்ஸ் லைட் பளிச்சென்று எரிந்தது. கலர் லைட் பெட்டி பிரிக்காமல் டிக்கியில் கிடந்தது.

நான் கீழ்பென்னாத்தூரில் பள்ளி ஆசிரியை. தினமும் காரை ஓட்டிக்கொண்டுதான் போய் வருகிறேன். போன வருடம் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. வலது காது மட்டும், பக்கத்தில் வந்து பேசினால் கேட்கும். இண்டிகேட்டரின் டிக் டிக் சத்தம் சுத்தமாகக் கேட்பதில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்ன அம்புக்குறியோ காலை வெயிலில் தெரிவதில்லை. இண்டிகேட்டரை அணைக்காமல் நெடுந்தூரம் போய்விடுவேன். ஒன்பது நாளில் பதினோரு முறை என்று டைரியில் குறித்திருக்கிறேன்.

பன்னிரண்டாவது முறை, நான் இடது பக்கம் திரும்பப்போகிறேன் என்று நம்பி ஒரு பால்காரர் கிளைச்சாலையிலிருந்து வந்துவிட்டார். பிரேக் பிடித்தேன். அவருக்கு அடி இல்லை. பால் மட்டும் ரோட்டோடு போயிற்று.

"ஓட்டனது போதும். ஞாயித்துக்கிழமை கார் பாக்க ஆள் வராங்க. இனிமே நீ பஸ்ல போ," என்றார் என் கணவர்.

அன்றைய டைரியில் ஒரே வார்த்தை: மாட்டேன்.

கண்ணுக்கு நேராக ஒரு பெரிய இண்டிகேட்டர் விளக்கு வைத்துத் தர முடியுமா என்று கம்பெனி சர்வீஸில் கேட்டேன். "ஒயரைத் தொட்டா வாரன்ட்டி போயிடும் மேடம்," என்றார்கள். அதைப் பாயிடம் சொன்னேன்.

"வாரன்ட்டி வண்டிக்கா, உங்களுக்கா டீச்சர்?" என்றபடி அவர் ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்துவிட்டார்.

சனிக்கிழமை மதியம் டேஷ்போர்டின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஆரஞ்சு விளக்கு உட்கார்ந்திருந்தது. கூட வந்திருந்த கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டேன். ஆரஞ்சு விளக்கு மின்னியது. கூடவே காரின் நாலு மூலையும் மின்னின. வலது பக்கம் போட்டாலும் நாலும்தான்.

பாய் காரை இரண்டு சுற்றுச் சுற்றினார். "ரெண்டு பக்கத்து ஒயரையும் ஒரே லைட்டுல சேத்துட்டேன். இந்தப் பக்கத்து கரென்ட் அந்தப் பக்கம் பூந்து போவுது."

"பாத்தியா? இதெல்லாம் நமக்கு ஆவற வேலையா? பஸ்ல போன்னா கேக்கறியா?" என்று என் கணவர் என்னைப் பார்த்தார்.

பாய் அவருக்கு எதிரில் வந்து நின்றார். "சார், தப்பு என்னுது. அதுக்கு இவங்க எதுக்கு பஸ்ல போவணும்?"

கணவர் கட்டியிருந்த கையை இறக்கினார். எனக்கே அதுவரை இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

பாய் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, மிளகு அளவில் இரண்டு டயோடுகளைத் தேடி எடுத்தார். கரென்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுமாம், திரும்பி வர விடாதாம். ஒயருக்கு ஒன்றாக வைத்துப் பற்றவைத்தார். இடது போட்டால் இடது, வலது போட்டால் வலது. எதைப் போட்டாலும் என் கண்ணெதிரே ஆரஞ்சு.

"சார் முன்னாடி ஒக்காருங்க. நான் பின்னாடி ஒக்காந்துக்கறேன். டீச்சர் ஓட்டட்டும்."

செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டும்வரை போய்த் திரும்பினோம். மாடு, ஆட்டோ, வெளிநாட்டுக்காரர்களின் சைக்கிள் என்று பதினேழு முறை இண்டிகேட்டர் போட்டேன். பதினேழு முறையும் அணைத்தேன். கணவரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் போனை எடுத்து, "நாளைக்கு வராதீங்க, கார் விக்கல," என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். எனக்கு அது போதும்.

பாய் இன்னும் ஊரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். காது மந்தம் என்று தெரிந்த எல்லோரும் என்னிடம் கத்திப் பேசுகிறார்கள். தெருவே அதிரக் கத்துகிற அவர் மட்டும், என்னைக் கண்டால் ரோட்டைக் கடந்து என் வலது பக்கமாக வந்து நின்று, "எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்கிறார்.