எஃபுவாவுக்குக் கொண்டுபோன பொன்னாடை

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகர நூலகம் ஒன்றில் நாற்பது பேர் இதற்குச் சாட்சி.

என் அறைத்தோழி எஃபுவா ஒரு நாவல் எழுதியிருந்தாள். இந்த நாட்டில் வேலை தேடி, வீடு தேடி, காதலனும் தேடி அலையும் ஒரு கறுப்பினப் பெண்ணின் கதை. சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிடும். மருத்துவமனை வேலைக்கு இடையில் மூன்று வருடம் எழுதியது. அதற்கு முதல் வாசிப்புக் கூட்டம்.

"புத்தக வெளியீட்டுக்கு வெறுங்கையோட போறதே? எழுதின பிள்ளைக்குப் பொன்னாடை போத்த வேணும்" என்று அம்மா சரிகைப் பொன்னாடை ஒன்றைத் தந்தார். (ஜெர்மன்காரருக்கு அது மேசைவிரிப்பு.)

வாசலில் ஏற்பாட்டாளர் அம்மணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள் நாவல் அருமை!"

"நான் எழுதவில்லை. எழுதியவள் ரயிலில் வருகிறாள்."

"அப்படியா? புத்தகத்தின் பின்னட்டைப் படத்தில் அச்சு அசல் நீங்கள்தான்!"

எஃபுவாவின் பெற்றோர் கானாக்காரர். அவள் என்னைவிட ஒரு முழம் உயரம். எங்கள் இருவருக்கும் ஒற்றுமை என்றால் கறுப்புத் தோல் மட்டும்தான். இரண்டு பேர் கையெழுத்துக் கேட்டார்கள். மூன்றாமவர் என்னோடு படம் எடுக்க நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய முதல் மேடை, அவள் முகத்தைப் பார்க்கக்கூட இவர்களுக்கு மனமில்லையா?

அப்போதுதான் புத்தக மேசையருகே அந்தச் சடைகளைக் கண்டேன். முதல்நாள் எஃபுவா தன் சடைகளில் வைத்துப் பின்னியிருந்த அதே சிவப்பு நூல். அம்மணியிடமிருந்து ஒலிவாங்கியைப் பறித்தேன்.

"கறுப்பாக இருந்தால் எல்லோரும் ஒரே ஆளா? கண்ணைத் திறந்து பாருங்கள். இவள்தான் எஃபுவா!"

பின்னாலிருந்து பொன்னாடையைப் போர்த்தினேன். அந்தப் பெண் திரும்பினாள்.

"நான் வரி ஆலோசகர்" என்றாள்.

வாசலில் பயணப்பையோடு எஃபுவா நின்றிருந்தாள். "நீயுமா?" என்றாள். நான் செத்துவிட்டேன். அம்மணி மட்டும் ஆறுதலாக என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எஃபுவா வாசித்தாள், சபை விழுந்து விழுந்து சிரித்தது. என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பொன்னாடை வரி ஆலோசகரோடு போய்விட்டது. (எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது?)

இன்றும் என் அம்மாவின் வீட்டுக்கு என்னோடு வரும்போதெல்லாம் எஃபுவா வாசலிலேயே தன் அடையாள அட்டையை நீட்டுகிறாள். அம்மா கண்ணாடியைப் போட்டு, அட்டையையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்து, என் பக்கம் திரும்புவார்.

"ஓம், இவதான். உள்ளுக்கு விடு."