பெட்ரோல் இல்லாத காரின் பெட்ரோல் முள்

மக்களைக் காப்பாற்றும் அலுவலகங்கள் எந்த ஊரிலும் உண்டு. கார் மீட்டர்களின் முட்களைக் காப்பாற்றவென்றே ஓர் அலுவலகம் கண்ட பெருமை எங்கள் ஹவானாவுக்கே உரியது. ‘பழம்பெரும் வாகன முட்கள் பராமரிப்புத் துறை’ என்பது அதன் திருநாமம். அங்கே அனுமதி வாங்காமல் பழைய காரை டாக்ஸியாக ஓட்ட முடியாது.

எவெலியோவுக்கு அந்த அனுமதிதான் சோறு. பெட்ரோல் வரிசையில் நின்று நின்று கால் வீங்கியதும், தன் 1952-ஆம் வருடத்துக் காரின் இன்ஜினையும் பெட்ரோல் டாங்கையும் கழற்றி விற்றுவிட்டு மோட்டாரும் பாட்டரியும் வைத்தான். சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று காட்ட, பளபளவென்று ஒரு புது மீட்டரையும் பதித்தான்.

அனுமதிக்காக அந்த அலுவலக வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தியதும், ஆய்வாளர் ஸொராய்தா அம்மையார் உள்ளே குனிந்து பார்த்தார். முட்களின் மீது அவருக்கிருந்த கருணை சொல்லி மாளாது.

“இது என்ன தோழர், புதுசா?”

“பாட்டரி மீட்டருங்க.”

“அம்பத்திரெண்டுல இது இருந்துச்சா?”

“அம்பத்திரெண்டுல நானே இல்லீங்க!”

“அப்ப இருந்த முள்ளெல்லாம் இப்பவும் வேலை செய்யணும். பெட்ரோல் முள்ளு காலின்னு காட்டுது பாரு. காலி வண்டில ஆள் ஏத்தக் கூடாது.”

“டாங்கே இல்லியே தோழர்!”

“டாங்க் வேற துறை. நாங்க முள்ளுதான் பாப்போம்.”

எவெலியோ வீட்டுக்குப் போய் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். புது மீட்டரைப் பிடுங்கிவிட்டு, அதன் வயரைப் பழைய பெட்ரோல் முள்ளோடு இணைத்தான். சார்ஜ் ஏறினால் முள்ளும் ஏறியது. அதைப் பார்த்து அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

மறுபடி போனபோது அம்மையார் புருவத்தை உயர்த்தினார்.

“ஃபுல்லா! ஊரே சொட்டுப் பெட்ரோலுக்குத் தவம் கிடக்குது, உனக்கு மட்டும் யாருய்யா குடுத்தா?”

“வீட்டு ப்ளக்பாயிண்டு குடுத்துச்சு தோழர். அதுவும் கரண்டு வந்தப்போ.”

அம்மையார் சிரித்துவிட்டார். “சரி, ஒழி. அனுமதிய அச்சடிச்சுக் கொண்டாரேன்.”

அப்போது கரண்டு போனது.

கரண்டு போனால் பாட்டரி உள்ளவன் வயரை நீட்டுவது எங்கள் ஊர் மரியாதை. அனுமதி அச்சாக வேண்டுமே என்ற ஆசையில் எவெலியோ தானே ஜன்னல் வழியாக வயரை நீட்டினான். அச்சு இயந்திரம் ஓடுவதற்கு முன்பே மின்விசிறி சுழன்றது. காபி கொதித்தது. யார் யாருடைய போனோ வரிசையில் நின்றது. மேலே இயக்குநரின் ஏசியும் உறுமத் தொடங்கியது.

“தோழர், சீக்கிரம்! முள்ளு இறங்குது!”

“இறங்கட்டும்யா, நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்!” என்றது ஜன்னல்.

காபி குடித்து முடித்து, கடைசிப் பரிசோதனைக்கு அம்மையார் இறங்கி வந்தார். முள்ளைப் பார்த்தார். உண்மையாகவே வருந்தினார்.

“காலி ஆயிடுச்சேப்பா. காலி வண்டிக்கு எப்படிக் குடுக்குறது?”

“நீங்கதானே காலி பண்ணீங்க!”

“யாரு பண்ணாங்கன்னு முள்ளு காட்டாதே.”

பாட்டரியின் அடியில் ஒட்டியிருந்த கடைசிச் சார்ஜில், நிராகரிப்பு ஆணை பளிச்சென்று அச்சாகி வந்தது. ஒருவன் பிழைப்பைக் கெடுக்கத் தேவையான மின்சாரத்தை அவனிடமிருந்தே எடுத்துக்கொள்ளும் இந்தச் சிக்கனம் வேறெந்த அலுவலகத்துக்கு வரும்?