கூறு மாமியும் கண்ணுக்கு விடும் சொட்டும்

கல்லடிக் கடற்கரையில் கூறு மாமியை ஏமாற்றிய மீன் இன்னும் பிறக்கவில்லை. மனிதர்கள் ஏமாற்றியிருக்கலாம். ஆனால் அவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் அது ஆளா, ஆட்டோவா என்று மாமிக்குத் தெரிந்திருக்காது.

மாமிக்குக் கிட்டப்பார்வை. அவருடைய கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால் மேசை ஒரு பக்கம் சரியும் என்று எங்கள் வீதியில் ஒரு பேச்சு உண்டு. அது வாங்கிய காலத்துக் கண்ணுக்குச் செய்த கண்ணாடி. கண் அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. மாற்றச் சொன்னால், "இது இன்னும் உடையல்லையே கா" என்பார்.

எங்கள் கேற்றுக்கு வெளியே ஒரு மின்கம்பம் நிற்கிறது. காலையில் மீன்கூடையோடு போகும்போது மாமி அதைப் பார்த்து, "என்ன மனே, இன்னும் வேலைக்குப் போகல்லையா?" என்று கேட்பார். கம்பம் பேசாது. மத்தியானம் திரும்பி வரும்போது என் மனைவியைக் கூப்பிட்டு, "உங்கட அவருக்கு என்னமோ மனக்கவலை கா. கேட்டாப் பதில் சொல்றாரில்ல" என்று எச்சரித்துவிட்டுப் போவார். ஒரு தேர்தல் காலத்தில் சந்தியில் நிறுத்தியிருந்த வேட்பாளரின் ஆளுயரப் படத்திடம், வீதி விளக்கு எரியாததைப் பற்றி வெகுநேரம் முறையிட்டார். "எல்லாத்துக்கும் சிரிக்கிறான், ஒண்டும் செய்யமாட்டான் போல" என்று வந்து சொன்னார். உண்மையான ஆளிடம் போயிருந்தாலும் அவர் இதையேதான் வந்து சொல்லியிருப்பார்.

பெயர் வந்த கதையைச் சொல்லவேண்டும். கரைவலை இழுத்து முடிந்ததும் மீனைக் கூறு கூறாகக் குவித்து வைப்பார்கள். ஒருவர் மீனுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். முதுகைக் காட்டுபவர் பார்க்காமல் ஒரு பெயரைச் சொல்வார். அந்தக் கூறு அவருக்கு. சண்டையில்லை, வழக்கில்லை. எங்கள் கரையில் முதுகைக் காட்டும் வேலை எப்போதும் மாமிக்குத்தான். அவர் திரும்பி நின்றாலும் திரும்பாமல் நின்றாலும் ஒன்றுதான் என்று ஊருக்கே நம்பிக்கை. மாமி அதைப் பட்டம் கிடைத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்வார். பெயர் சொல்லி முடிந்த பிறகு யாருடைய கூறாவது சோர்ந்து கிடந்தால், மற்றக் கூறுகளில் இருந்து ஒவ்வொரு மீனாக எடுத்து அதில் போடுவார். "ஒருத்தரும் வெறுங்கூடையோட வீட்ட போகப்படா" என்பது அவருடைய சட்டம்.

அப்படிப்பட்ட மாமி ஒரேயொரு விஷயத்துக்குத்தான் பயந்தார். நாற்பதைத் தாண்டிப் பிறந்த ஒரே மகள் ஸ்டெலா. பள்ளிக்கூடத்தில் கண் பார்த்தபோது அவளுக்கும் கிட்டப்பார்வை என்றார்கள். கண்ணாடி போட்டார்கள். அடுத்த முறை பார்த்தபோது கண்ணாடி தடித்தது. அதற்கடுத்த முறை இன்னும் தடித்தது. மாமி என்னிடம் வந்து, "என்ட மூக்குக் குடுத்தன், நிறம் குடுத்தன், அதெல்லாம் போகட்டும் மனே. இந்தக் கண்ண ஏன் குடுத்தன்?" என்று அழுதார். அன்றைக்கு அவர் பேசியது கம்பத்திடம் அல்ல, என்னிடம்தான். என் மகனுக்கும் அதே குறைதான்.

அப்போதுதான் ஒரு ஆய்வுக் குழு வந்தது. பிள்ளைகளின் கிட்டப்பார்வை கூடாமல் தடுக்க ஒரு கண் சொட்டு மருந்தைச் சோதிக்கப் போகிறார்களாம். பள்ளி மண்டபத்தில் கூட்டம். ஒரு இளம் பெண் டொக்டர் பொறுமையாக விளக்கினார். பாதிப் பிள்ளைகளுக்கு மருந்துச் சொட்டு, பாதிப் பிள்ளைகளுக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு. போத்தல் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்று யாருக்கும் சொல்லமாட்டார்கள். மண்டபம் கொதித்தது. "எங்கட புள்ளைகள் என்ன எலியா?" என்று ஒருவர் எழும்பினார்.

மாமி கையை உயர்த்தினார். டொக்டர் இருந்த பக்கம் அல்ல, மின்விசிறி இருந்த பக்கம் பார்த்துக் கேட்டார்.

"டொக்டர் புள்ள, அப்ப நீங்க கூறு போடுறீங்க."

"ஓம் அம்மா, அப்பிடித்தான்."

"எந்தக் கூறு ஆருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது அம்மா."

"நீங்களும் முதுகக் காட்டித்தான் நிக்கிறீங்களா?"

"ஓம்."

"அப்ப நம்பலாம்" என்று மாமி உட்கார்ந்தார். மண்டபமும் உட்கார்ந்தது. அதன்பிறகு வீடு வீடாகப் போய்த் தாய்மாரைச் சேர்த்தது மாமிதான். என் மனைவியும் எங்கள் மகனைச் சேர்த்தாள். மீன் வாங்க வந்தவர்களுக்கு மீனோடு ஆய்வும் கிடைத்தது. ஆரையம்பதிப் பக்கத்தில் இருந்துகூட இரண்டு தாய்மாரை இழுத்து வந்தார். டொக்டர் தன் வேலை பறிபோய்விடுமோ என்று பயந்திருக்கவேண்டும்.

ஆனால் முதுகைக் காட்டி நிற்பது கூறு சொல்பவருக்குச் சுலபம். கூடையோடு காத்திருப்பவருக்கு அல்ல. கொஞ்ச மாதம் போனதும் மாமிக்கு அரிப்புத் தொடங்கியது. ஸ்டெலாவின் போத்தலில் இருப்பது மருந்தா, தண்ணீரா?

முதலில் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். கசந்தது. "மருந்துதான்!" என்று வீதி முழுக்கச் சொன்னார். பிறகு சந்தேகம் வந்து கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். அதுவும் கசந்தது. அடுத்தது பூனையின் கண்ணில் விட்டுப் பார்ப்பது. பூனையைப் பிடிக்கப் போய், பிடித்தது கறுத்தத் துணிப்பை என்று தெரிந்ததும் அந்த வழியைக் கைவிட்டார். கடைசியில் தன் கண்ணிலேயே விடத் தொடங்கினார். சில நாள் கழித்து, "மனே, எனக்கு உலகம் துலங்குது!" என்று அறிவித்துவிட்டு, களுவாஞ்சிகுடிக்கு ஒரு கலியாணவீட்டுக்குப் புறப்பட்டார். தூரத்தில் வந்த பஸ்ஸின் பெயரைத் தானே வாசித்து, தானே கைகாட்டி ஏறினார். இறங்கியது வாகரையில். தெற்கே போகவேண்டியவர் வடக்கே போய், பட்டுச் சேலையோடு ஒரு பை நண்டு வாங்கிக்கொண்டு பொழுதுபட வந்தார்.

"தண்ணிதான்" என்றார் வாசலில் நின்று. "என்ட புள்ளைக்கு விழுந்தது வெறுந்தண்ணி."

நான் சிரித்துவிட்டேன். மாமி சிரிக்கவில்லை. மாதச் சோதனையில் போத்தல் ஏன் சீக்கிரம் முடிந்தது என்று டொக்டர் கேட்டபோது, "எங்கட புள்ளைக்குக் கொஞ்சம் பெரிய கண், டொக்டர்" என்று சமாளித்தாராம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் தாய்மார் எல்லாரையும் இறால் கறிக்குக் கூப்பிட்டார். வரும்போது சொட்டுப் போத்தலையும் கொண்டுவரச் சொன்னார். எங்கள் போத்தலோடு என் மனைவி போனாள். வாகரை நண்டு அனுபவம் எனக்கு ஞாபகம் இருந்ததால் நானும் பின்னாலேயே போனேன். மேசையில் போத்தல்கள் வரிசையாக நின்றன. நடுவில் கழுவித் துடைத்த ஒரு எவர்சில்வர் பேணி.

"என்ன மாமி இது?"

"எல்லாத்தையும் இதுக்குள்ள ஊத்திக் கலக்கிற. பிறகு சமனாப் பங்கிடுற. எல்லாப் புள்ளைக்கும் கொஞ்சம் கொஞ்சம் மருந்து போய்ச் சேரும். ஒருத்தரும் வெறுங்கூடையோட போகப்படா."

தாய்மார் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இறால் வாசனை வேறு. ஆனால் மாமி முதல் மூடியைத் திருகியபோது பயந்து டொக்டருக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

டொக்டர் பதறினார். பேணியில் ஊற்றினால் மருந்து கெட்டுவிடும், கண்ணில் கிருமி போகும் என்றார். மாமி அசையவில்லை. டொக்டரும் விடவில்லை; கலந்தால் எந்தப் பிள்ளைக்கு எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியவராது, இத்தனை பேர் பட்ட பாடும் வீண் என்றார். மாமியின் கை மூடியிலேயே இருந்தது. கடைசியில் டொக்டர் கேட்டார்:

"அம்மா, கூறு சொல்ற ஆள் திரும்பிப் பாத்தா என்ன நடக்கும்?"

மாமி எழும்பிப் போய் அடுப்பில் கொதித்த கறியை ஒருமுறை கிளறிவிட்டு வந்தார்.

"பிறகு ஒருத்தனும் அவன நம்பிக் கூப்பிடமாட்டான்" என்றார்.

"மருந்து நல்லதெண்டு முடிவு வந்தா, தண்ணி கிடைச்ச புள்ளைகளுக்கும் பிறகு மருந்து குடுப்பம் அம்மா. அது நாங்க முதலே சொன்னதுதானே."

"அதுக்கிடையில என்ட புள்ளைட கண் இன்னும் போனா?"

டொக்டர் பொய் சொல்லவில்லை. "கொஞ்சம் போகலாம் அம்மா" என்றார்.

மாமி மூடியை இறுக்கினார். பிறகு ஒவ்வொரு போத்தலாக எடுத்து, மூக்கில் முட்டக் கொண்டுபோய் அதில் ஒட்டியிருந்த இலக்கத்தை வாசித்து, உரிய தாயின் கையில் கொடுத்தார். ஸ்டெலாவின் போத்தலைக் கடைசியாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "சாப்பிடுங்க, கறி ஆறுது" என்றார். அன்றைக்கு இறாலில் உப்பு அதிகம். எல்லாரும் தட்டை வழித்துச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு ஆய்வு முடியும்வரை, அது தண்ணீர்தான் என்று முழுதாக நம்பிக்கொண்டே, ஒருநாள் தவறாமல் மகளின் கண்ணில் அந்தச் சொட்டை விட்டார். மருந்து என்று நம்பி விட்ட நாங்களே இடையிடையே மறந்தோம்.

முடிவு வந்தது. மருந்து ஓரளவுக்கு வேலை செய்திருந்தது. ஸ்டெலாவுக்குக் கிடைத்தது வெறும் சொட்டு. என் மகனுக்குக் கிடைத்தது மருந்து.

செய்தி கேட்டு மாமி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வந்தவர், "நான் சொன்னன்தானே தண்ணியெண்டு! வாகரைக்குப் போன அண்டைக்கே சொல்லிட்டன்!" என்று வெற்றி முழக்கம் இட்டார். பிறகு என் மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கோடு மூக்கு முட்ட வைத்து அவன் கண்ணைப் பார்த்தார். "நல்ல கூறு விழுந்திருக்கு மனே உனக்கு. வடிவாப் பார். எல்லாத்தையும் பார்" என்றார்.

சொன்னபடி ஸ்டெலாவுக்கும் இப்போது மருந்து கிடைக்கிறது. கண்ணாடி தடிக்கிற வேகம் குறைந்திருக்கிறதாம். காலையில் பள்ளிக்குப் போகும்போது அவள்தான் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இன்றைக்கும் எங்கள் வாசலில் மாமியின் குரல் கேட்டது.

"என்ன மனே, இன்னும் வேலைக்குப் போகல்லையா?"

"அம்மா, அது கம்பம்."

"தெரியும்டி. கொஞ்சம் பொறு, அவன் வருவான்."

நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்க் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்: "இந்தா வெளிக்கிட்டுட்டன், மாமி."