ஓங்காரமும் ஜெனரேட்டரும்

கரண்டு போனால் சந்தோஷப்பட்ட ஒரே தறிக்காரர் கோவை ஜில்லாவிலேயே ஓங்காரம்தான். நெய்த மீட்டருக்குத்தான் கூலி. தறி நின்றால் மற்றவர்களுக்கு வயிறு எரியும். அவருக்கு முகம் தெளியும்.

தொண்ணூறுகளில், எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், சூலூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் கொஞ்ச காலம் ஒதுங்கினேன். வேலை, தூக்கம் எல்லாம் பஞ்சுத்தூசிக்குள்தான். தறிகள் ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். ஓங்காரம் நாள் முழுக்க ‘ஓம்’ சொல்வதும் உதட்டில்தான் தெரியும். கரண்டு போகும் நொடியில் மட்டும் குரல் கேட்கும். தறிகள் நின்ற பிறகும் அந்த ‘ம்’ தனியாகக் கொஞ்ச தூரம் ஓடி, தேய்ந்து, அடங்கும். நாங்கள் டீ குடிக்கப் போவோம். அவர் தறியடியில் கண் மூடி உட்கார்ந்துவிடுவார்.

பக்கத்துத் தறி சரசக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

“ஏனுங்ணா, நீங்க ஓதி ஓதித்தான் கரண்டு போகுது. எம்புள்ளைங்க என்னத்தைத் திங்கும்?”

“நான் நிறுத்தறதுக்குத்தான் ஓதறேன் அம்மணி. கரண்டை இல்ல” என்றார் பணிவாக. அக்காவுக்குச் சந்தேகம் தீரவில்லை.

எதை நிறுத்த என்று ஒரு நாள் கேட்டேன்.

“என்ற சம்சாரம் போனதிலிருந்து ஊட்ல ஒரு சத்தமில்ல கண்ணு. தலைக்குள்ளதான் ஓயமாட்டேங்குது. ஓதிட்டே இருக்கறப்ப கரண்டு போச்சுன்னா, அதும் சேர்ந்து நின்னுபோகுது.”

அவர் தூங்குவதே அந்த நேரத்தில்தான் என்று அப்புறம் புரிந்தது.

அடுத்த மாதமே முதலாளி ஜெனரேட்டர் வாங்கினார். மாலை போட்டுத் தேங்காய் உடைத்தோம். சரசக்கா சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஓங்காரம் மட்டும் அந்த இரும்பையே பார்த்து நின்றார்.

மறுநாள் கரண்டு போனது. தறிகள் நின்ற வேகத்தில் ஜெனரேட்டர் உறுமியது; எல்லாம் மறுபடி ஓடின. கொட்டகை மொத்தமும் அவர் உதட்டையே பார்த்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் மெல்லக் குறைந்து, நின்றது. கை மட்டும் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தது. முகத்தில், கரண்டு போனால் வரும் அதே தெளிவு.

பயந்துபோய், “என்னாச்சுங்ணா?” என்று உதட்டால் மட்டும் கேட்டேன்.

அவர் வாயில் விரல் வைத்தார். “சத்தம் போடாத கண்ணு” என்றது உதடு.

அன்று ஷிப்டு முடியும்வரை, அத்தனை இரைச்சலுக்கு நடுவே, அவர் தறியைத் தாண்டும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனேன்.